சிவப்பு முடிச்சு

அத்தியாயம் 9

காண்டசா காரின் முன்கண்ணாடி ஒரே அடியில் விழவில்லை. முதல் அடிக்கு வெளுத்தது. இரண்டாவது அடிக்கு உள்பக்கம் தொய்ந்தது. மூன்றாவது அடிக்குத்தான் நனைந்த பாய் மாதிரி மடிந்து ஸ்டியரிங் மேல் சாய்ந்தது.

வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த ரேகா, சத்தம் கேட்டு வாயில் நுரையோடு ஓடி வந்தாள். ஓடுகிற அவசரத்தில் பெட்ரோல் கேனில் கால் இடித்துக்கொண்டாள். காண்டசாவுக்குப் பெட்ரோல் முள் வேலை செய்யாது. வண்டி எங்கே நின்றுவிடுமோ என்று அண்ணன் எப்போதும் ஒரு ஐந்து லிட்டர் கேனை நிரப்பிக் குழாயடியில் வைத்திருப்பான்.

வாசலில் வீல் ஸ்பேனரோடு நின்றவர் பீம்ராவ். இரண்டு தெரு தள்ளி, குடோன் சுவரை ஒட்டி ஷெட் போட்டுப் பழைய கார்களைச் சரிசெய்து விற்கிறவர். தண்டையார்பேட்டையில் அவர் உரத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்று காலை ஏழு மணிக்குத் தெருவே கேட்டது.

"யார்ரா அவன்? பேரு சொல்லு! பேரை மட்டும் சொல்லு, வண்டிய வுட்டுர்றேன்!"

அவருக்குப் பின்னால் ஷெட்டில் வேலை செய்கிற இரண்டு பேர் ஆளுக்கொரு இரும்புக் குழாயோடு நின்றார்கள்.

ரேகாவின் அண்ணன் திருமுருகன் லுங்கியை மடித்துக் கட்டியபடி வெளியே வந்தான்.

பத்து நாளாகப் புகைந்துகொண்டிருந்த விஷயம்தான் இது. திருமுருகனும் அவன் சிநேகிதன் ஃபவாஸும் 'கிளட்ச் பிளேட்' என்று கார்களைப் பற்றி ஒரு ப்ளாக் நடத்துகிறார்கள். இவன் எழுதுவான், அவன் படம் எடுப்பான். எண்ணூரில் ஒரு வாசகர், பீம்ராவிடம் வாங்கின காரைச் சோதித்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார். போனார்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் உருவினார்கள். கடைசி ஒரு முழத்தில் சேறு காய்ந்த கோடு. பின் சீட்டைக் கழற்றித் தூக்கினார்கள். அடியில் வண்டல். வெள்ளத்தில் முங்கிய வண்டி.

அது உண்மைதான். வெள்ள வண்டி என்று சொல்லியே பீம்ராவ் விற்றார், ரசீதிலும் எழுதிக் கொடுத்தார் என்பதும் உண்மைதான். அந்த இரண்டாவது உண்மையைத் திருமுருகன் கட்டுரையில் போடவில்லை.

கட்டுரைக்குக் கீழே 'என்ஜின் ராஜா' என்ற பெயரில் ஒரு கமெண்ட் வந்தது. பீம்ராவின் சாதியையும், ஷெட்டில் சீட் தைக்கிற அவர் மனைவி எல்சியின் உடம்பையும் ஒரே வரியில் இழுத்திருந்தது. அந்த வரியை இங்கே எழுத முடியாது. 'சிவப்பு நூல்காரி' என்று ஆரம்பித்தது. அவ்வளவு சொன்னால் போதும்.

வருகிற கமெண்டுகளைப் படித்து அனுமதிப்பது ரேகாவின் வேலை. அதை அவள் அனுமதிக்கவில்லை. ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்திருந்தாள். மறுநாள் திருமுருகன், "போனைக் குடு" என்று கையை நீட்டினான். கொடுத்தாள். கமெண்ட் வெளியே போனது. அவள் செய்தது அவ்வளவுதான். கையை நீட்டினான், கொடுத்தாள்.

இப்போது வாசலில் திருமுருகன் நிதானமாகப் பேசினான்.

"பீம் அண்ணே, அது நான் எய்தினது இல்ல. ரீடர் எய்தினது. ரீடர் பேரை வெளிய குடுக்கறது தப்பு. உலகத்துல எவனும் குடுக்க மாட்டான்."

"உலகம் வந்து உன்னக் கேக்கல. நான் கேக்கறேன்."

"குடுக்க முடியாது அண்ணே."

ஸ்பேனர் இடது முகப்பு விளக்கில் இறங்கியது. பிறகு வலது. திருமுருகன் பாய்ந்து தடுக்கப் போனான். குழாயோடு நின்றவர்களில் ஒருவன் அவன் வாயிலேயே குத்தினான். திருமுருகன் பானெட் மேல் விழுந்து எழுந்தபோது உதடு பிளந்து, பல்லெல்லாம் ரத்தம்.

"பீமு!"

காசிமேட்டில் இருந்து மீன் கூடையோடு வந்துகொண்டிருந்த மங்கம்மா, கூடையைத் தெருவிலேயே இறக்கிவிட்டு நடுவில் புகுந்தாள். ரேகாவின் அம்மா. ஏலத்தில் பத்து ஆண்களை ஒற்றைக் குரலில் அடக்குகிறவள். "வூட்டு ஆம்பள கடல்ல கீற நேரம் பாத்து வந்து வண்டிய ஒடைக்கிறியா? இன்னாடா பேஜாரு இது?"

"என் வூட்லயும் பொம்பள கீறா மங்கம்மாக்கா. அவள இன்னா எய்தி வெச்சிகீறான் தெரியுமா? உன்னாண்ட சொல்ல எனுக்கு வாய் வரல. அவளாண்டயே இன்னும் காட்டல." பீம்ராவ் ஸ்பேனரைத் தாழ்த்தினார். "கார் வெள்ளத்துல முங்கிச்சின்னு எய்து, திருட்டு வண்டின்னு எய்து, நான் கோர்ட்ல பாத்துக்கறேன். என் பொண்டாட்டி இன்னா பண்ணா?"

மங்கம்மா மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எவன்டா எய்தினான்?"

"தெரியாதும்மா. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. அது ஒரு நேர்மை."

"இன்னா எழவு நேர்மையோ. எய்தினவன் கையை அவனப் பெத்தவளே கதவுல வெச்சி நசுக்கணும்." அவள் பீம்ராவிடம் திரும்பினாள். "போ பீமு. நான் விசாரிச்சி சொல்றேன்."

"சாயங்காலம் ஆறு மணி," என்றார் பீம்ராவ். "அதுக்குள்ள பேரு வரணும். இல்ல, நான் ஆளாளா ஒடைச்சிக்கினே வருவேன்."

அவர் போனதும் தெருவில் சிந்தியிருந்த சங்கரா மீன்களைக் கண்ணாடித் தூளில் இருந்து பொறுக்கினாள் ரேகா. வாய் நுரை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

*

பத்து மணிக்கு ஃபவாஸ் வந்தான். வண்ணாரப்பேட்டையில் அவன் அப்பாவுக்குக் கார் உதிரிக் கடை. கழுத்தில் கேமரா இல்லாமல் அவனைப் பார்ப்பது அபூர்வம். காண்டசாவைச் சுற்றி ஒரு முறை நடந்தான். உடைந்த விளக்கைத் தடவினான். உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"மாமு, நல்லா வாங்கினியா?"

"பாத்தா தெர்ல?"

"மூஞ்சி முன்ன இருந்ததுக்கு இப்ப கொஞ்சம் தேவலாம் போலகீது." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "சரி, கேளு. அந்தக் கமெண்டைத் தூக்கு. ரசீது படத்தைப் போடு. வெள்ள வண்டின்னு சொல்லித்தான் வித்தாருன்னு எய்து. கீய நம்ம ரெண்டு பேரும் மன்னிப்பு."

"தூக்கினா, கிளட்ச் பிளேட் பயந்துட்டான்னு ஆய்டும்."

"ஆவட்டும்."

"ரீடர் நம்பி எய்தறான் ஃபவாஸு. அவன் வாயப் பொத்தினா நாளைக்கு எவன் வருவான்? போன மாசம் ஆயில் மாத்தறது எப்டின்னு உசிரக் குடுத்து எய்தினோமே. எத்தினி பேர் படிச்சான்? நான், நீ, உன் மச்சான்."

"என் மச்சானும் பாதியில தூங்கிட்டான்."

"இதுக்கு நாப்பதாயிரம் பேரு! கமெண்ட்ல சண்டை, அந்த சண்டையப் பாக்க இன்னும் பத்தாயிரம் பேரு. அவனவன் கம்பெனிக்காரன் வாங்கிக் குடுத்த பிரியாணிய துன்னுட்டு காரைப் புகய்ந்து எய்தறான். நாம அப்டியா எய்தறோம்? நாம சுத்தம்டா."

"நாம எய்தறது சுத்தம். கீய கலீஜ்." ஃபவாஸ் எழுந்துவிட்டான். "சீட்டைத் தூக்கி அடியில கீற சேத்தை நான் படம் புடிக்கறேன், நீ ஊருக்கே காட்டறே. நம்ம எய்த்துக்கு அடியில கீற சேத்தை எவன் படம் புடிக்கறது? ஆரம்பிக்கறப்ப மூணு ரூல் எய்தினோமே, ஞாபகம் கீதா? சாதி வரக் கூடாது. வூட்டுப் பொம்பளைங்க வரக் கூடாது. வண்டி நம்பர் வரக் கூடாது. இன்னிக்கி நம்பரைத் தவிர எல்லாம் வந்துகினு கீது."

"அந்த ஆள் பேரைக் குடுத்தா வெட்டுவான்டா பீம்ராவ். ஒரு ரீடரை வெட்டக் குடுக்கச் சொல்றியா?"

ஃபவாஸ் கதவுப் பக்கம் திரும்பினான்.

"குடுக்க வேணாம். ஆனா நான் எல்சிக்காவைப் பாத்து மன்னிப்புக் கேக்கப் போறேன். நீ வரியா?"

"போவாத. அடிப்பாங்க."

"அடிக்கட்டும். நம்ம சீட்டையே அவங்கதான தெச்சிக் குடுத்தாங்க மாமு." வாசலில் செருப்பை மாட்டும்போது ரேகாவைப் பார்த்தான். "ரேகாம்மா, நீயாச்சும் அதை அழிச்சிருக்கலாம்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். அவளுக்குக் காது மடல் எரிந்தது.

அடுக்களையில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். அழித்துவிடலாம், அண்ணன் அடித்தாலும் சரி என்றுதான் திறந்தாள். 'நீக்கு' மேல் விரல் போனது. போன இடத்தில் நின்றது.

ஒவ்வொரு கமெண்டுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நம்பர் இருக்கும். எந்த இணைய லைனில் இருந்து வந்தது என்று காட்டுகிற நம்பர். இத்தனை நாளும் அவள் அதைப் படித்ததே இல்லை. இன்று படித்தாள். ஏனென்றால் அந்த நம்பரை எங்கோ பார்த்த ஞாபகம்.

பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் போனாள். ப்ளாக் தொடங்கின அன்று, வேலை செய்கிறதா என்று பார்க்க அவளே ஒரு கமெண்ட் போட்டிருந்தாள். 'வணக்கம், சோதனை.' அதற்குப் பக்கத்தில் அதே நம்பர்.

என்ஜின் ராஜா இந்த வீட்டு லைனில் இருந்து எழுதியிருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு பத்து. அப்பா தேசப்பன் கடலுக்குப் போய் நாலு நாள் ஆகியிருந்தது. அம்மா மார்க்கெட்டில். ரேகா ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள்.

"இன்னா பாத்துகினு கீறே?"

பின்னால் திருமுருகன்.

போனை மறைக்கத் தெரியவில்லை அவளுக்கு. அப்படியே நீட்டிக் காட்டினாள். அவன் பார்த்தான். பிளந்த உதட்டை நாக்கால் தடவினான்.

"நீயா அண்ணா?"

"கத்தாத."

"நீயாண்ணா எய்தினே?"

"அன்னிக்கு ஒரு கமெண்டும் வர்ல. படிக்கறான், போறான். படிக்கறான், போறான். சும்மா கிளறி வுடலாம்னு ஒண்ணு போட்டேன். பத்திக்கிச்சி." தோளைக் குலுக்கினான். "நான் போடலன்னா வேற எவனாச்சும் போட்டிருப்பான்."

"எல்சிக்கா உனுக்கு இன்னா பண்ணாங்க?"

யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"ஒண்ணும் பண்ணல."

பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பின்பக்கம் முறுக்கினான். முட்டி இறங்கி அவள் தரையில் உட்கார்கிற வரைக்கும் முறுக்கினான். காதருகே குனிந்து, காலையில் பீம்ராவிடம் பேசின அதே நிதானத்தோடு சொன்னான்:

"வாயத் தொறந்த, இந்தக் கை இனிமே ஒரு பட்டனையும் அமுக்காது. புரியுதா? அப்பா வர்றதுக்கு இன்னும் நாலு நாள் கீது."

*

ஐந்தரைக்கு வந்துவிட்டார்கள். ஆறு வரை காத்திருக்கவில்லை.

தெருமுனையில் முதலில் தெரிந்தது ஃபவாஸ். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து இழுத்து வந்தார்கள். கேமரா இல்லை. சட்டை கிழிந்து, ஒரு கண் மூடிக்கொண்டு வீங்கியிருந்தது. பின்னால் பீம்ராவ். அவருக்கும் பின்னால் எல்சி.

எல்சியை ரேகா இப்படிப் பார்த்ததில்லை. கழுத்தில் இஞ்சு டேப் தொங்க, இடுப்பில் நூல் பிசிறுகள் ஒட்டியிருக்க, வலது கையில் ரெக்சின் வெட்டுகிற பெரிய கத்தரியோடு தெருவின் நடுவில் நடந்து வந்தாள். வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒருவரும் இறங்கி வரவில்லை.

திருமுருகன் வாசலில் நின்றான். மங்கம்மா அவன் பக்கத்தில். ரேகா கதவுக்குப் பின்னால்.

"இந்தப் புள்ள வந்து என் கால்ல வுய்ந்தான்," என்றாள் எல்சி. குரல் தட்டையாக இருந்தது. "மன்னிச்சிக்கோக்கா, மன்னிச்சிக்கோக்கான்னான். எதுக்குடான்னேன். அப்பதான் எனுக்கே தெரிது, என்னைப் பத்தி ஒண்ணு எய்தி ஊரே படிச்சிகினு கீதுன்னு. இந்த ஆள் என்னாண்ட மறைச்சிட்டாரு." பீம்ராவைக் காட்டினாள். அவர் தலை நிமிரவில்லை. "எனுக்குப் படிக்கறது தட்டுத்தடுமாறித்தான். என் பொண்ணு கீர்த்தி கீறா இல்ல, பத்தாவது படிக்கறவ? அவளப் படிச்சிக் காட்டச் சொன்னேன். பாதி படிச்சிட்டு நிறுத்திட்டா. அப்பால அவ என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. மீதிய நானே எய்த்துக் கூட்டிப் படிச்சேன்."

எல்சி திருமுருகனை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

"சிவப்பு நூல்காரின்னு போட்டுகீது. நான் எந்தக் கலர்ல சீட்டு தெச்சாலும், கடைசி முடிச்சை மட்டும் சிவப்பு நூல்ல போடுவேன். அடியில, ஸ்பிரிங்குக்குப் பக்கத்துல. வண்டி திரும்பி வந்தா, இது நான் தெச்சதுன்னு எனுக்குத் தெரியணும்னு. இருபது வருசமா போடறேன். ஷெட்டுல வேலை பாக்கற இவனுங்களுக்கே தெரியாது. என் புருசனுக்கே தெரியாது. சீட்டைக் கயட்டித் தலைகீயா திருப்பிப் பாத்தவனுக்குத்தான் தெரியும்."

கத்தரியால் ஃபவாஸைச் சுட்டினாள். பிறகு திருமுருகனை.

"எண்ணூர் வண்டியில சீட்டைக் கயட்டினது ரெண்டே பேரு. இவன் ஒத்துக்கறான், ஆமா, நாங்க ரெண்டு பேரும் கயட்டினோம், முடிச்சைப் பாத்தோம்னு. எய்தினது நான் இல்லன்றான். அப்போ நீயா?"

தெருவே திருமுருகனைப் பார்த்தது.

அவன் ஃபவாஸைப் பார்த்தான். ஃபவாஸும் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தான். அந்தக் கண்ணில் இருந்தது கேள்வி இல்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. ஷெட்டில் முடிச்சு விஷயத்தைக் கேட்ட கணமே தெரிந்திருக்கும். தெரிந்தும் சொல்லாமல் அடி வாங்கியிருக்கிறான்.

"நான் இல்லக்கா," என்றான் திருமுருகன்.

"மாமு," என்றான் ஃபவாஸ், மெதுவாக.

"நான் இல்ல!"

பீம்ராவ் காண்டசாவின் கதவைத் திறந்தார். அந்தக் காலத்துக் கதவு, இரும்புக் கனம். ஃபவாஸின் வலது கையை இழுத்து, கதவு வந்து சேர்கிற இடத்தில் வைத்து அழுத்திப் பிடித்தார்கள்.

"அப்போ இவன்தான். படம் புடிக்கற கைதான எய்துச்சி?"

"பீம் அண்ணே, வேணாம், வேணாம்..." ஃபவாஸ் கையை உருவப் பார்த்தான்.

பீம்ராவ் கதவைச் சாத்தினார். முழுதாகச் சாத்த முடியவில்லை. நடுவில் கை இருந்தது.

ஃபவாஸ் போட்ட சத்தத்தில் குடோன் கூரைமேல் இருந்த காக்கைகள் எழும்பின. கதவு திறந்தபோது சுண்டு விரலும் மோதிர விரலும் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. பீம்ராவ் மறுபடி கைப்பிடியைப் பற்றினார். அவர் முகத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை போலிருந்தது.

"இன்னும் மூணு விரல் கீது. சொல்லு."

திருமுருகன் வாயை மூடிக்கொண்டு நின்றான். வாசகர் பேரைக் காப்பாற்றுகிறவன் மாதிரி, நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

அந்த நிமிர்ந்த நெஞ்சைப் பார்த்ததும்தான் ரேகாவுக்குள் ஏதோ அறுந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். பள்ளிக்கூடத்தில் பேரைக் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்கக் கூசினவள். தெரு முழுக்க ஜனம் நிற்க, காண்டசாவுக்கும் பீம்ராவுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"அவரை வுடுங்க."

"நீ உள்ள போ," என்றான் திருமுருகன்.

"அவரை வுடுங்கண்ணே. அவரு எய்தல." போனை எல்சியிடம் நீட்டினாள். "இதோ இந்த நம்பரைப் பாருங்கக்கா. இது கமெண்ட் வந்த லைனு. இது எங்க வூட்டு லைனு. ரெண்டும் ஒண்ணு. எய்தினது எங்க அண்ணன். அதை வெளிய வுடறதுக்குப் போனை எடுத்துக் குடுத்தது நானு."

அடுத்து நடந்ததை அவள் பார்க்கவில்லை. காதோடு சேர்த்து விழுந்த அறையில் அவள் தலை காண்டசாவின் கண்ணாடி போன சட்டத்தில் மோதியது. வாயில் உப்பு. திருமுருகன் இரண்டாவது முறை கையை ஓங்கினபோது, அந்தக் கையை மங்கம்மா பிடித்தாள்.

கூடை சுமக்கிற கை. விடவில்லை.

"எல்சி," என்றாள் மங்கம்மா. அவள் குரல் யாருடைய குரலோ போல இருந்தது. "காலையில நான் சொன்னது பீமுக்குத் தெரியும். கதவைத் தொற. இவன் கையை நானே வெக்கறேன்."

"யம்மா!"

"தொற எல்சி!"

திருமுருகன் அம்மாவின் மார்பில் முழங்கையால் இடித்தான். அவள் படியில் சரிந்தாள். குழாய்க்காரர்கள் பாய்வதற்குள் வீட்டுக்குள் ஓடினான். பின்கதவை அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவர்கள் பின்சந்துக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு மூச்சு வாங்கத் திரும்பினார்கள்.

பீம்ராவ் ஃபவாஸின் கையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். வீல் ஸ்பேனர் தரையில் விழுந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து ஃபவாஸின் விரல்களைச் சுற்றினார். ஆட்டோ ஒன்றை நிறுத்தி, அவனைத் தூக்கி உட்கார வைத்து, தானும் ஏறினார். ஏறும்போது ஃபவாஸ் சொன்னது ரேகாவுக்குக் கேட்டது.

"நீ கதவை சாத்துவேன்னு நான் நெனக்கல அண்ணே."

"நானும் நெனக்கலடா," என்றார் பீம்ராவ்.

ஷெட் ஆட்கள் இரண்டு பேரும் அதே ஆட்டோவின் பின்னால் வண்டியில் போனார்கள்.

எல்சி மட்டும் போகவில்லை. காண்டசாவின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் தைத்துக் கொடுத்த மெரூன் சீட். வரி பிசகாத தையல். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் திருமுருகன் தடவிக் காட்டிப் பெருமை பேசின சீட். கத்தரியைத் திறந்து நடுவில் குத்தி இழுத்தாள். ரெக்சின் கிழிகிற சத்தம் தெருமுனை வரை போனது. பஞ்சைப் பிடுங்கினாள். ஸ்பிரிங்கைத் தூக்கினாள். அடியில் கையை விட்டுத் துழாவி, சிவப்பு நூல் முடிச்சை வேரோடு அறுத்தெடுத்தாள்.

"அவன் வண்டியில என் முடிச்சு இருக்கக் கூடாது."

அதை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள். படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மங்கம்மாவின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். கத்தரியை மடக்கிக்கொண்டு ரேகாவிடம் திரும்பினாள்.

"பாப்பா, வாய்ல ரத்தம் வருது. போய்க் கொப்புளி."

ரேகா குழாயடிக்குப் போனாள். கொப்புளித்துத் துப்பினாள். சிமெண்டுத் தரையில் சிவப்பு ஓடி, ஒரு வட்டத்தைச் சுற்றி வளைந்து போனது. ஈரம் படாத, பெட்ரோல் கறை படிந்த வட்டம்.

கேன் நின்ற இடம். கேன் இல்லை.

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. 'கிளட்ச் பிளேட் இப்போது நேரலையில்.'

திறந்தாள். நடந்துகொண்டே பிடித்த படம், குலுங்கியது. குடோன் சுவர். தகரக் கதவு. உள்ளே தையல் மிஷின், அதன் தலையில் சிவப்பு நூல்கண்டு. அண்ணனின் குரல், அதே நிதானத்தோடு: "வணக்கம் மக்களே. என் வண்டிய ஒடைச்சாங்க. இப்ப பாருங்க."

கீழிருந்து கமெண்டுகள் ஏறின. கொளுத்து தலைவா. விடாத தல. ஷெட்டோட கொளுத்து.

நேரலையை நிறுத்தும் அதிகாரம் அவளுக்கு இல்லை. அவளால் முடிந்தது கமெண்டை அழிப்பது மட்டும்தான். ஒன்றை அழித்தாள். ஏழு வந்தது.

"எல்சிக்கா!" என்று அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "ஷெட்டுல யாரு கீறாங்க?"

எல்சி போனைப் பார்த்தாள். கத்தரி கையிலிருந்து நழுவியது. செருப்பை உதறிவிட்டு ஓட ஆரம்பித்தாள். ரேகாவும் ஓடினாள். கையில் போன் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில், மிஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பெண் தலையை நிமிர்த்தினாள். அழுது வீங்கின முகம். வந்தவனை அடையாளம் கண்டு எழுந்து நின்றாள்.

"திருமுருகன் மாமாவா? அப்பா இல்லையே..." கீர்த்தியின் பார்வை கேனில் படவில்லை, அவன் போனில் படிந்தது. "அந்தக் கமெண்டை அழிச்சிட்டீங்களா மாமா?"